சூடேறியதும் சரியும் ஆயில் அழுத்தம்: பழைய பிக்கப்பில் பழுது பம்பிலா, பேரிங்கிலா?

சாலைவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்த பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்ஜின். கேம் தண்டு பிளாக்குக்குள்ளேயே அமைந்த பழைய புஷ்ராடு வகை. ஓட்டம் 2,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதுவரை யாரும் எஞ்ஜினைப் பிரித்ததாகத் தெரியவில்லை.

காலையில் இயக்கியவுடன் டேஷ்போர்டில் உள்ள ஆயில் அழுத்த முள் 50 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அருகில் நிற்கிறது. எஞ்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அது 10க்கும் கீழே இறங்கிவிடுகிறது. எச்சரிக்கை விளக்கும் அவ்வப்போது மினுக்குகிறது. எனக்குப் புரியாத விஷயம், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் முள் ஏறி நிலைக்காமல் மெல்லச் சரிந்துகொண்டே வருவதுதான். ஆயில் அளவு டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்கிறது, ஊற்றியிருப்பது 10டபிள்யூ-30. அடியிலிருந்து தட்டும் ஓசை ஏதும் இல்லை. காலையில் முதல்முறை இயக்கும்போது சைலென்சரில் நீலப் புகை ஒரு தடவை குப்பென்று வந்து நின்றுவிடும். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்காது என்றே நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். சென்ற முறை ஆயில் மாற்றியபோது பட்டறையில் எஞ்ஜினைக் கழுவும் ஃப்ளஷ் திரவத்தையும் ஊற்றினார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான் வெளிப்படையாகத் தெரிய ஆரம்பித்தது.

பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். பம்பை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். எதையும் பிரிப்பதற்கு முன் எவற்றை எந்த வரிசையில் சோதிக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மரைதிருகி

வணக்கம். எஞ்ஜினில் கை வைப்பதற்கு முன், அந்த முள் காட்டுவது உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். டேஷ்போர்டு கேஜ் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. பிளாக்கில் திருகியிருக்கும் சென்சாரின் மின்தடை மாறுவதைத்தான் அது அழுத்தமாகக் காட்டுகிறது. சென்சார் பழுதானாலோ, ஒயர் முனையில் பச்சை பூத்தாலோ, மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றியதால் எர்த் சரியாகக் கிடைக்காமல் போனாலோ, நல்ல எஞ்ஜினும் நோயாளியாகத் தெரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த ஃபோர்டு பிக்கப்கள் பலவற்றில் கேஜ் போலத் தோன்றும் முள்ளுக்குப் பின்னால் வெறும் சுவிட்ச்தான் இருக்கிறது. அழுத்தம் ஏழெட்டு பிஎஸ்ஐயைத் தாண்டினாலே முள் நடுவில் போய் நின்றுகொள்ளும். அந்த முள்ளை வைத்து நல்லதோ கெட்டதோ எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே சென்சாரைக் கழற்றிவிட்டு, அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்துங்கள். மரை பெரும்பாலும் 1/8 அல்லது 1/4 அங்குலக் குழாய்மரையாக இருக்கும். பழைய சென்சாரைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நல்லது. கேஜுக்குச் செல்லும் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான நைலான் குழாய் சூட்டில் இளகி அறுந்தால் கொதிக்கும் ஆயில் எக்ஸாஸ்டின் மீது பீய்ச்சும்; தீப்பிடிக்க அது போதும்.

பிறகு ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். குளிர்ந்த நிலையில் ஐட்லிங், சூடேறிய பின் ஐட்லிங், சூட்டில் நிமிடத்துக்கு 2000 சுற்று, 3000 சுற்று என ஒவ்வொரு நிலையிலும் அளந்து எழுதுங்கள். 2500 சுற்றிலேயே சில நிமிடங்கள் வைத்திருந்தால் முள் நிலையாக நிற்கிறதா, நடுங்குகிறதா, சரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், பழுது எங்கே இருக்கிறது என்பதை எண்களைவிட இந்த நடத்தைதான் தெளிவாகச் சொல்கிறது.

ஏனென்றால் பம்ப் உண்மையில் தருவது ஓட்டத்தைத்தான். அந்த ஓட்டம் பேரிங்குகளின் குறுகிய இடைவெளிகள் வழியாக வெளியேறத் திணறும்போது உண்டாவதே அழுத்தம். பேரிங் தேய்ந்து இடைவெளி பெருகிய எஞ்ஜினில், குளிர்ந்த கெட்டியான ஆயில் நல்ல அழுத்தம் காட்டும். சூடாகி நீர்த்ததும் ஐட்லிங்கில் இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி ஏறும். சுற்று கூடக் கூட அது ஏறியே தீரும். பம்ப்பில் மிகை அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் குளிரிலும் அழுத்தம் எழும்பாது. சம்ப்பில் (எஞ்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பம்ப்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலை அடைத்துக்கொண்டால் கதையே வேறு: ஐட்லிங்கில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் அதிகச் சுற்றில் நேரம் ஆக ஆக அழுத்தம் விழும். நீங்கள் நெடுஞ்சாலையில் கண்டது இந்த மூன்றாம் வகையைப் போல இருக்கிறது. பேரிங் என்று சொன்னவர் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொன்னாரா, நிறுத்தி வைத்தே சொன்னாரா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்று பட்டறைகளில் வழங்கும் கணக்கு பாதுகாப்பான இலக்குதான். ஆனால் தயாரிப்பாளர்கள் குறிக்கும் குறைந்தபட்ச வரம்பு அதைவிடத் தாழ்வானது. செவ்ரோலேயின் 1990களின் 5.7 லிட்டர் வி8க்குக் குறைந்தபட்சம் 1000 சுற்றில் 6 பிஎஸ்ஐ, 2000 சுற்றில் 18, 4000 சுற்றில் 24. டொயோட்டாவின் 22ஆர் எஞ்ஜினுக்கு ஐட்லிங்கில் 4.3 பிஎஸ்ஐ இருந்தாலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் 3000 சுற்றில் 36க்குக் குறையக் கூடாது. எனவே சூட்டில் ஐட்லிங்கில் 10 என்பதைக் கண்டு மட்டும் பயந்துவிட வேண்டாம். உங்கள் எஞ்ஜினுக்கு உரிய கையேட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும்போது மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள்.

நெடுவழி

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று லட்சத்தை நெருங்கிய எஞ்ஜினில் இது சகஜம். இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றுங்கள். அப்போதும் குறைந்தால் அதிகக் கொள்ளளவு கொண்ட ஆயில் பம்ப்பைப் பொருத்துங்கள். பல வண்டிகள் இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கிராங்க்தாசன்

நெடுவழி சொல்வது தேய்ந்த பேரிங்குக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் காரணம் இன்னதென்று தெரிவதற்கு முன் அதைச் செய்யக் கூடாது. பேரிங் இடைவெளி வழியாகக் கசியும் ஆயிலின் அளவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஆயிலின் பாகுத்தன்மையோ அந்த வேகத்தில் கூடுவதில்லை. நூறு டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 30 ஆயிலின் வரம்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை, எஸ்ஏஇ 40க்கு 12.5 முதல் 16.3 வரை. ஒரு படி கெட்டியான ஆயிலுக்கு மாறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. தேய்மானம் சிறிதாக இருந்தால் அது கைகொடுக்கும். பெரிதாக இருந்தால் முள்ளை உயர்த்திக் காட்டுமே தவிர, பேரிங்கை மீட்காது.

ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் இந்த இரண்டு வைத்தியமும் கெடுதலே செய்யும். பம்ப் ஆயிலை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் சம்ப்பில் கிடக்கும் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது காற்றழுத்தம்தான். அது ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 14.7 பிஎஸ்ஐக்கு மேல் ஒரு துளியும் கிடையாது. வலையின் துளைகளில் முக்கால்வாசி அடைத்திருக்கும்போது எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் அந்த எல்லையைத் தாண்டி ஆயில் வந்து சேராது. பம்ப்புக்குள் குமிழிகள் உண்டாகி முள் நடுங்கும். ஆயில் கெட்டியாக இருந்தால் வலையைக் கடப்பது இன்னும் கடினம். பெரிய பம்ப்பைச் சுழற்றுவதற்கான கூடுதல் சுமை டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தின் மீதும் விழும்.

செலவில்லாத சோதனைகள் இரண்டைச் சொல்கிறேன். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்திருக்கலாம், அப்போது அளவு மேல்கோட்டில் இருப்பதே சந்தேகத்துக்குரியது. அடுத்து, பழைய ஃபில்டரின் வெளி உறையை வெட்டித் திறந்து, காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். அறுக்கும் பிளேடு வேண்டாம். அதன் இரும்புத் தூளே மடிப்பில் ஒட்டிக்கொண்டு குழப்பும். டப்பா திறப்பது போலச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர்தான் சரியான கருவி. மடிப்பில் வெள்ளி நிறத்தில் மினுக்கும் துகள் பேரிங்கின் மேற்பூச்சிலிருந்து வருவது. செம்பு நிறம் தெரிந்தால் அந்தப் பூச்சு தேய்ந்து அடி அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. வால்வுகளை இயக்கும் கேம், லிஃப்டர், செயின் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: நீலப் புகை தொடர்பில்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி ஒதுக்கிவிட மாட்டேன். ஃபில்டரைத் திறந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

சாலைவழி

மரைதிருகி ஐயாவுக்கும் கிராங்க்தாசன் ஐயாவுக்கும் நன்றி. நெடுவழிக்கும் நன்றி, ஆயிலை மட்டும் இப்போதைக்கு மாற்றவில்லை.

மெக்கானிக்கல் கேஜ் பொருத்தி அளந்தேன். குளிரில் ஐட்லிங்கில் 48 பிஎஸ்ஐ. நன்றாகச் சூடேறிய பின் ஐட்லிங்கில் 11, 2000 சுற்றுக்கு ஏற்றியதும் 34. பிறகு 2500 சுற்றில் பிடித்துக்கொண்டிருந்தபோது 36இல் தொடங்கிய முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 20க்கு வந்து அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஐட்லிங்குக்கு விட்டால் 6 தான். எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி இயக்கினேன்; ஆயில் அப்போதும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது. ஆனால் 2000 சுற்றில் மறுபடி 33 வந்தது, சில நிமிடங்களில் மறுபடி சரிந்தது.

ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன்; மினுக்கும் துகள் கண்ணுக்குத் தென்படவில்லை. மடிப்புகளின் அடியில் கடுகைவிடச் சிறிய கறுப்புத் துணுக்குகள் கிடந்தன. காந்தம் தொடவில்லை. நகத்தால் அழுத்தினால் கரி போலப் பொடியாகாமல், மொறுமொறுவென்று இரண்டாக உடைகின்றன. உடைந்த விளிம்பு பளபளப்பாக இருக்கிறது. இது ஆயில் கசடு தானா?

கிராங்க்தாசன்

கசடு விரலில் மசியும், கரி பொடியாகும். மொறுமொறுவென்று உடைந்து விளிம்பு பளபளத்தால் அது பெரும்பாலும் இறுகிப்போன ரப்பர். வால்வுத் தண்டின் மேல் உட்காரும் ஆயில் சீல்கள் ஆண்டுக்கணக்கான சூட்டில் இப்படித்தான் கண்ணாடி போல ஆகி உடைந்து விழுகின்றன. விழுந்த துண்டுகள் சிலிண்டர் ஹெட்டின் வடிகால் துளைகள் வழியாகச் சம்ப்புக்குப் போய் ஸ்ட்ரெய்னர் வலையில் ஒட்டிக்கொள்ளும். சீல் உடைந்த வால்வின் வழியே இரவெல்லாம் ஆயில் சொட்டி இறங்கி, காலையில் ஒரு தடவை நீலப் புகையாக எரிந்து போகிறது. நீங்கள் இரண்டு பழுதாக நினைத்தது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. கேம் சக்கரத்தில் நைலான் பல் பூசிய சில பழைய வி8 எஞ்ஜின்களிலும் இதே போல வலை அடைக்கும். ஆனால் அங்கே துணுக்குகள் வேறு நிறத்தில், சற்றுப் பெரிதாக இருக்கும்.

நிறுத்தி வைத்ததும் அழுத்தம் திரும்பி வந்ததே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆயில் அதே சூட்டில் இருக்கும்போது பேரிங்கின் இடைவெளி கால் மணி நேரத்தில் சுருங்கிவிடாது. உறிஞ்சல் நின்றதும் வலையில் ஒட்டியிருந்த துணுக்குகள் உதிர்ந்து கீழே விழுகின்றன. மறுபடி ஓட்டினால் மறுபடி சேர்கின்றன. ஃப்ளஷ் திரவம் ஊற்றியபின் பிரச்சினை கூடியதும் இதனோடு ஒத்துப்போகிறது. அது மூலையில் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் கிளப்பிவிட்டிருக்கும். பழைய எஞ்ஜினில் அதை ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

சம்ப்பைக் கழற்றும் முன், ஆயிலை வடித்துவிட்டு வடிகால் துளை வழியாக ஒரு சிறிய போரோஸ்கோப் கேமராவை நுழைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் வலை தெரியும்.

மரைதிருகி

கிராங்க்தாசன் சொல்வதோடு உடன்படுகிறேன். ஒரே ஒரு மாற்று வாய்ப்பையும் விலக்கிவிட வேண்டும்: ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் காற்றை உறிஞ்சினாலும் முள் நடுங்கும். ஆனால் அப்படியானால் நிறுத்தி இயக்கியதும் இவ்வளவு தெளிவாக மீளாது. குளிர்ந்த இயக்கத்தின் தொடக்கத்திலேயே அழுத்தம் எழத் தாமதமாகும்.

சம்ப்பைக் கழற்றுவது என்று முடிவானால் எஞ்ஜின் மவுண்டுகளைத் தளர்த்திச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். அவ்வளவு வேலை செய்தபின் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு பிக்-எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) தொப்பியையும், கிராங்கைத் தாங்கும் ஒரு மெயின் தொப்பியையும் கழற்றி, நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, உரிய முறுக்கத்தில் இறுக்கிப் பிரித்து அளந்தால் ஊகத்துக்கு இடமிருக்காது. வண்டியிலேயே அளக்கும்போது கிராங்க் தன் எடையால் கீழ்த் தொப்பியின் மீது அமர்ந்திருக்கும். அதை மெல்ல மேலே தாங்கிக்கொள்ளாமல் மெயின் பேரிங்கை அளந்தால் இடைவெளி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

கழுவிய வலையை நான் திரும்பப் பொருத்த மாட்டேன். அதன் உள்மடிப்பில் சிக்கியதை எதைக் கொண்டும் முழுதாக எடுக்க முடியாது. புதிய ஸ்ட்ரெய்னரை அழுத்திப் பொருத்திய பின், வலைக்கும் சம்ப்பின் தரைக்கும் இடையே 6 முதல் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வலையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, கேஸ்கெட்டுடன் சம்ப்பைத் தாங்கிப் பிடித்து எடுத்தால் நசுங்கிய தடிமனில் அது தெரிந்துவிடும். தரையோடு ஒட்டிவிட்டால் புது வலையும் பழையதைப் போலவே மூச்சுத் திணறும்.

சாலைவழி

நீங்கள் சொன்னபடியே இருந்தது. வலையின் முகத்தில் பாதிக்கு மேல் கறுப்புத் துணுக்குகள் அப்பிக்கிடந்தன. சில துண்டுகளில் சீலின் வளைந்த உதடு அப்படியே தெரிந்தது. பிக்-எண்டில் இடைவெளி 0.06 மில்லிமீட்டர், கிராங்கைத் தாங்கிக்கொண்டு அளந்த மெயினில் 0.07. இரண்டுமே கையேட்டின் வரம்புக்குள்தான் இருக்கின்றன. பம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் சாதாரண கொள்ளளவிலேயே புதிதாகப் பொருத்தினேன். அதே 10டபிள்யூ-30 ஆயிலில், சூட்டில் ஐட்லிங்கில் 15, 2000 சுற்றில் 38, 3000 சுற்றில் 45. எவ்வளவு நேரம் பிடித்தாலும் முள் அசையவில்லை.

நீலப் புகை மட்டும் இன்னும் வருகிறது. சீல்களை மாற்றுவதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

கிராங்க்தாசன்

வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி வால்வுகளை மூடிய நிலையில் தாங்கிக்கொண்டால், ஸ்பிரிங்கை அமுக்கிச் சீலை மாற்றிவிடலாம். பிஸ்டன் மேல் எல்லையில் நிற்கும்போதே செய்யுங்கள். காற்று தவறினாலும் வால்வு உள்ளே விழுந்துவிடாது. கம்பிரசர் இல்லாவிட்டால், பிஸ்டன் பாதியில் இருக்கும்போது மெல்லிய நைலான் கயிற்றை அந்தத் துளை வழியே உள்ளே திணித்து, ஒரு முனையை வெளியே விட்டுக்கொண்டு, கிராங்கைக் கையால் திருப்பிக் கயிறு வால்வுகளை மேலே முட்டும்வரை பிஸ்டனை உயர்த்துங்கள். அது கம்ப்ரஷன் வீச்சாக, இரண்டு வால்வுகளும் மூடிய நிலையாக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் ஹெட்டின் வடிகால் துளைகள் எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிடுங்கள். உடையும் பழைய சீல் துண்டுகளும் தவறி விழும் வால்வு லாக்குகளும் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் சிறு துண்டுகள்) அந்தத் துளைகள் வழியாகத்தான் சம்ப்புக்குப் போகும். அடைத்த துணிகளை எண்ணி வைத்து, மூடியைப் போடும் முன் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள்.